வலப்பக்க இயர்பட் மட்டும் மங்கிக் கேட்கிறது: எப்படிச் சுத்தம் செய்வது?

படியெடுப்பவள்

அனைவருக்கும் வணக்கம். நேர்காணல் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தில் இறக்கித் தருவது என் தொழில். முற்பகலில் இயர்பட், பிற்பகலில் காதை முழுக்க மூடும் பெரிய ஹெட்போன் என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வேன். நாள் முழுவதும் காதில் ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும்.

சில வாரங்களாக வலப்பக்க இயர்பட்டில் ஒலி தேய்ந்துகொண்டே வருகிறது. முழுதாக நின்றுவிடவில்லை. குரல் கேட்கிறது, ஆனால் அதன் கூர்மை போய்விட்டது. ‘ச’, ‘ஸ’ வரும் இடங்கள்தான் மிகவும் அடிபடுகின்றன. பேசியவர் ‘காசு கொடுத்தார்’ என்றாரா, ‘காது கொடுத்தார்’ என்றாரா என்று தெரியாமல் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ஓடவிட வேண்டியிருக்கிறது. நேரம் போவது ஒரு பக்கம். தவறாக எழுதிவிட்டால் அது அந்த மனிதர் சொல்லாத சொல்லாகிவிடும். அதுதான் என்னை அரிக்கிறது.

கைப்பேசியில் இடம், வலம் ஒலிச் சமநிலை நடுவில்தான் இருக்கிறது, பார்த்துவிட்டேன். புளூடூத் இணைப்பை நீக்கி மறுபடியும் இணைத்தேன். வேறொரு கைப்பேசியிலும் இதே நிலைதான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், ஒலி வரும் வாயில் இருக்கும் சின்னஞ்சிறு கம்பிவலையின் மேல் மஞ்சள் பூத்தாற்போல் ஒரு பளபளப்பு தெரிகிறது. மென்துணியால் துடைத்தேன், போகவில்லை. ஊசியை எடுக்கத் தைரியம் வரவில்லை.

இன்னொன்று. பெரிய ஹெட்போனின் காது மெத்தை உரிய ஆரம்பித்திருக்கிறது. கழற்றும்போதெல்லாம் காது மடலிலும் கன்னத்திலும் கருப்புச் செதில்கள் ஒட்டியிருக்கின்றன. இதை ஏதாவது பூசி நிறுத்த முடியுமா? இரண்டுமே நல்ல உழைப்பாளிகள். தூக்கிப் போட மனமில்லை.

காற்றாடி

கணினி விசைப்பலகையைச் சுத்தம் செய்ய டப்பாவில் அடைத்த அழுத்தக் காற்று விற்கிறார்களே, அதை வாங்கி அந்த வலைக்கு நேராக வைத்து ஒரு ஊது ஊதுங்கள். அழுக்கு பறந்துவிடும். அதற்கும் மசியவில்லை என்றால் மெல்லிய ஊசியால் வலையின் கண்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிடலாம். கை நடுங்காமல் செய்தால் ஒன்றும் ஆகாது. எனக்குத் தெரிந்தவர் அப்படித்தான் செய்கிறார்.

செவிப்பறை

காற்றாடி அவர்களே, உதவும் எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் அந்த இரண்டையும் செய்ய வேண்டாம் என்று சகோதரியை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். காது கேட்கும் கருவிகளைப் பொருத்தித் தந்து, பழுதும் பார்க்கும் இடத்தில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ‘கருவி செத்துவிட்டது’ என்று மேசைமேல் கொண்டுவந்து வைப்பார்கள். பெரும்பாலும் அது செத்திருக்காது, அடைத்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். இயர்பட்டும் இந்த விஷயத்தில் அதே இனம்.

அந்த வலைக்குப் பின்னால் சில மில்லிமீட்டர் தொலைவில் மிக மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு ஒன்று இருக்கிறது. அது அதிர்ந்துதான் ஒலி பிறக்கிறது. ஊசி வலையைக் கிழிக்கும். கிழிக்காவிட்டாலும் அழுக்கை உள்ளே தள்ளும். வலைமேல் இருக்கும்வரை அழுக்கை எடுக்கலாம். சவ்வின்மேல் விழுந்துவிட்டால் எந்தக் கையாலும் எடுக்க முடியாது. அழுத்தக் காற்றும் அதே வேலையைத்தான் இன்னும் வேகமாகச் செய்யும். போதாததற்கு, டப்பாவைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் உறைகுளிரான திரவமே பீய்ச்சிக்கொண்டு வரும். தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் குழாயை நேராக வைத்து உறிஞ்சுகிறவர்களும் இருக்கிறார்கள். சவ்வு சுருங்கி மடங்கிப்போக அதுவே போதும். சல்லடையில் அடைப்பு விழுந்தால் கவிழ்த்துத் தட்டுகிறோமே தவிர, மேலிருந்து குத்துவதில்லை. இங்கேயும் அதே நியாயம்தான்: வந்த வழியாகவே வெளியே எடுக்க வேண்டும்.

‘ச’, ‘ஸ’ தேய்கிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு நோய் தெரிந்துவிட்டது. அந்த ஒலிகளின் உயிர் ஏறத்தாழ 4,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரையிலான உயர் அதிர்வெண்களில் இருக்கிறது. வலையில் அடைப்பு விழ ஆரம்பித்ததும் முதலில் மங்குவது அந்தப் பகுதிதான். உயிரெழுத்துகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். ‘பேசுவது கேட்கிறது, சொல்தான் புரியவில்லை’ என்று எங்களிடம் வருகிறவர்கள் சொல்வதும் இதையேதான்.

கை வைப்பதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு இயர்பட்களின் சிலிக்கான் முனைகளையும் கழற்றி, இடத்தை வலத்திலும் வலத்தை இடத்திலும் மாட்டிக் கேளுங்கள். குறை இடப்பக்கம் தாவிவிட்டால் அடைப்பு சிலிக்கான் முனையின் துளைக்குள்தான் இருக்கிறது; வலை பிழைத்தது. குறை வலத்திலேயே நின்றால் வலைதான் காரணம்.

இனி வேலை. எங்கள் தொழிலில் வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித் தரும் ஒரு பழக்கம் உண்டு: இரவில் துடை, காலையில் தேய். காதிலிருந்து எடுத்தவுடன் வலையில் படிந்திருக்கும் குறும்பி, அதாவது காது அழுக்கு, மெழுகாக, இளகிய நிலையில் இருக்கும். அப்போது பிரஷ் போட்டால் வலையின் கண்களுக்குள் நன்றாக அப்பிக்கொள்ளும். இரவு உலர்ந்த துணியால் வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்துத் திறந்தபடி வைத்துவிடுங்கள். காலைக்குள் அது காய்ந்து உடையும் பதத்துக்கு வந்திருக்கும்.

காலையில் சிலிக்கான் முனையைக் கழற்றிவிட்டு, வலை தரையைப் பார்க்கும்படி இயர்பட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கான மிக மென்மையான பல் துலக்கும் பிரஷ், புதியது, ஈரமில்லாதது, அது போதும். கீழிருந்து வலையை வருடி வெளிப்பக்கமாகத் தட்டிவிடுங்கள். அழுத்தவே வேண்டாம், பிரஷ்ஷின் இழைகள் வளையக்கூடாது, நுனி மட்டும் படவேண்டும். இடையிடையே உள்ளங்கையில் மெல்லத் தட்டுங்கள். மஞ்சள் தூளாக உதிரும். கவிழ்த்துப் பிடிப்பதுதான் இதில் முக்கால்வாசி வித்தை. நிமிர்த்திப் பிடித்துத் தேய்த்தால் உதிர்ந்தது அத்தனையும் உள்ளேதான் இறங்கும்.

இதில் ஆளுக்கு ஆள் ஒரு வித்தியாசம் உண்டு. சிலருக்குக் குறும்பி உலர்ந்து செதிலாக வரும், சிலருக்குத் தேன் பதத்தில் ஒட்டும். இதைத் தீர்மானிப்பது ஏபிசிசி11 என்ற மரபணுவில் உள்ள ஒரே ஓர் எழுத்தின் மாற்றம். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006-இல் கண்டறிந்தார்கள். கிழக்கு ஆசியாவில் உலர்ந்த வகையும், ஆப்பிரிக்க, ஐரோப்பிய மக்களிடம் ஈர வகையும் மிகுதி. உலர்ந்த வகைக்காரர்களுக்கு மேலே சொன்ன பிரஷ் மட்டுமே போதும். நீங்கள் எழுதியிருக்கும் பளபளப்பைப் பார்த்தால் உங்களுடையது ஈர வகை என்று தோன்றுகிறது. பிரஷ்ஷுக்குப் பிறகும் படலம் நின்றால், சுவரில் தாள் ஒட்டப் பயன்படும், திரும்பத் திரும்ப உரித்தெடுக்கக்கூடிய பசைக்களி இருக்கிறதல்லவா, அதில் ஒரு பட்டாணி அளவு எடுத்து உருட்டுங்கள். வலைமேல் இலேசாக ஒற்றி நேராக எடுங்கள். அமுக்கக்கூடாது, திருகக்கூடாது. கை சூட்டில் களி மிகவும் இளகியிருந்தால் சற்று ஆறவிடுங்கள். இளகிய களி வலைக்குள்ளேயே தங்கிவிடும்.

முதலில் இதைச் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள். தண்ணீர், திரவம் எதுவும் இப்போதைக்கு வேண்டாம்.

படியெடுப்பவள்

ஐயா, மிக்க நன்றி. முனைகளை மாற்றிப் பார்த்தேன், குறை வலப்பக்கமே நின்றது. நீங்கள் சொன்னபடி இரவு துடைத்து வைத்துவிட்டுக் காலையில் கவிழ்த்துப் பிடித்து வருடினேன். வெள்ளைத் தாள் ஒன்றைக் கீழே விரித்திருந்தேன். அதில் விழுந்ததைப் பார்த்தபோது எனக்கே திகைப்பாக இருந்தது. பசைக்களியையும் ஒற்றி எடுத்தேன். ஒலி பெருமளவு திரும்பிவிட்டது. ‘ச’ இப்போது ‘ச’வாகவே கேட்கிறது. ஆனாலும் வலையின் ஓரத்தில், விளிம்போடு ஒட்டிய இடத்தில், மெல்லிய கோடாக இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஆல்கஹால் தொட்டுத் துடைக்கலாமா? ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் நுரைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும் என்று ஒருவர் சொல்கிறார்.

இன்னொரு சந்தேகம். வெளி இரைச்சலை அடக்கும் வசதியைப் போட்டால் வலப்பக்கத்தில் சில நேரம் மெல்லிய விசில் சத்தம் வருகிறது. இதற்கும் அழுக்குக்கும் தொடர்பு உண்டா? இடப்பக்க இயர்பட் சில நாட்களில் சார்ஜ் ஏறாமலும் இருந்துவிடுகிறது.

செவிப்பறை

நல்ல செய்தி. பெராக்சைடு வேண்டாம். அது குறும்பியைக் கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் கரைந்தது எங்கே போகும்? வலை வழியாகக் கீழேதான். நுரை மேலே வருவது கண்ணுக்குத் தெரிகிறது. உள்ளே இறங்குவது தெரிவதில்லை.

திரவம் தேவைப்படும் கட்டம் ஒன்று உண்டு, மறுக்கவில்லை. ஆப்பிள் நிறுவனம் தன் ஏர்பாட்ஸ் புரோ போன்ற சில மாதிரிகளுக்கு அப்படி ஒரு முறையை வெளியிட்டிருக்கிறது. முகத்தின் ஒப்பனையைக் கலைக்கப் பயன்படும் மைசெல்லர் நீரில் குழந்தைகளின் மென் பிரஷ்ஷை நனைத்து, வலைமேல் சுமார் 15 வினாடி வட்டமாகத் தேய்த்து, கவிழ்த்துக் காகிதக் கைத்துண்டில் ஒற்றி எடுப்பது. இதை மூன்று முறை செய்துவிட்டு, காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பிரஷ்ஷால் அதன் மிச்சத்தைப் போக்கி, சார்ஜ் ஏற்றும் பெட்டியில் வைப்பதற்கு முன் குறைந்தது 2 மணி நேரம் காயவிட வேண்டும். மைசெல்லர் நீர் எண்ணெய்ப் பசையைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. குறும்பியில் கொழுப்பு கலந்திருப்பதால் இது வேலை செய்கிறது. வேறு நிறுவனத்தின் பொருள் என்றால் அதன் கையேட்டைப் பார்க்காமல் இதில் இறங்காதீர்கள். எல்லா வலையும் நீரை ஒதுக்கும் வகையில் செய்யப்படுவதில்லை. என்னைக் கேட்டால், ஒலி திரும்பிவிட்ட நிலையில் ஓரத்துக் கோட்டுக்காகத் திரவம் வரை போக வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை காலை பிரஷ்ஷைத் தொடர்ந்தால் அதுவும் கழன்றுவிடும்.

ஆல்கஹால் இயர்பட்டின் வெளி உடலுக்குச் சரி. 70 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்பரப்பைத் துடைக்கலாம், கிருமி சாகும். அதைவிட அடர்த்தியானது இன்னும் நன்றாகக் கொல்லும் என்று பலரும் எண்ணுகிறார்கள். அப்படியில்லை. கலந்திருக்கும் நீர்தான் ஆல்கஹால் சட்டென்று ஆவியாகாமல் நின்று கிருமியின் புரதத்தைச் சிதைக்க உதவுகிறது. ஒலி வலைகளின் மேல் மட்டும் அதைத் தொட்டு வைக்காதீர்கள். வலையை ஒட்டியிருக்கும் பசை இளகிவிடும்.

விசிலுக்கும் அழுக்குக்கும் தொடர்பு உண்டு என்றே நினைக்கிறேன். இரைச்சலை அடக்கும் இயர்பட்டில் ஒலி வாய் ஒன்றுதான் துளை என்று எண்ணிவிடக்கூடாது. வெளிப்பக்கம் இரைச்சலை வாங்கும் மைக் துளை, உள்ளே காதுக்குள் என்ன கேட்கிறது என்று கண்காணிக்கும் இன்னொரு மைக், இவை போகக் காற்றழுத்தம் வெளியேற ஊசிமுனை அளவில் ஒரு துளை. மைக் அடைத்துக்கொண்டால் கணக்கு தவறி இரைச்சல் அடங்காமல் போகும், சீறும், சில நேரம் விசிலடிக்கும். அழுத்தத் துளை அடைத்துக்கொண்டால் தாழ்ந்த ஒலிகளின் கனம் மாறும். மாட்டும்போது காதில் ‘டப்’ என்று அமுங்குவதுபோல் இருக்கும். இந்தத் துளைகளுக்கும் அதே உலர் பிரஷ்தான், அதே கவிழ்த்த நிலைதான். துளை சிறியது என்பதால் கை தானாக ஊசியைத் தேடும், தேடவிடாதீர்கள். அதோடு சிலிக்கான் முனையின் அளவையும் ஒருமுறை சரிபாருங்கள். முனை தளர்வாக உட்கார்ந்தாலும் வெளியே கசிந்த ஒலி மைக்குக்குத் திரும்பிப்போய் விசில் எழும்.

இடப்பக்கம் சார்ஜ் ஏறாததற்குப் பேட்டரியைச் சந்தேகிக்கும் முன் தொடுமுனைகளைப் பாருங்கள். இயர்பட்டின் அடியில் தங்க நிறப் புள்ளிகளும், பெட்டிக் குழியின் அடியில் அவற்றைத் தொடும் சிறு ஊசிகளும் இருக்கும். வியர்வையும் தோல் எண்ணெயும் அங்கே கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படியும். உலர்ந்த பஞ்சுக்குச்சியால் இரண்டையும் துடையுங்கள். பச்சை படர்ந்திருந்தால் பஞ்சில் ஒரே ஒரு சொட்டு ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு வையுங்கள். பெட்டிக் குழியின் மூலையில் சட்டைப் பையின் நூல்தூசி உருண்டு கிடக்கும். அது இயர்பட்டை ஒரு மயிரிழை தூக்கி நிறுத்தினாலே போதும், தொடுமுனை சேராது. அதை எடுக்கப் பல்குத்தும் மரக்குச்சி நல்லது. உலோகம் எதையும் உள்ளே விட வேண்டாம்.

நெடுந்தூரன்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இதே சிக்கல்தான். நான் நெடுந்தூரம் ஓடுகிறவன். ஓடி முடித்ததும் இயர்பட் வியர்வையில் நனைந்திருக்கும். பெட்டியில் ‘ஐ.பி.எக்ஸ். 7’ என்று போட்டிருப்பதால் குழாயடியில் காட்டிக் கழுவி, உதறி, அப்படியே சார்ஜ் பெட்டியில் வைத்து மூடிவிடலாம் என்று இருந்தேன். ஈரம் உள்ளே போயிருந்தால் அரிசி டப்பாவில் ஓர் இரவு புதைத்து வைத்தால் போதாதா?

செவிப்பறை

நெடுந்தூரன் தம்பி, மூடி வைப்பதற்கு முன்னால் கேட்டீர்களே, அதுவே நல்லதாயிற்று.

அந்த எழுத்துகளுக்குப் பொருள் இதுதான். ‘எக்ஸ்’ இருக்கும் இடம் தூசிக்கான எண்ணுக்கு உரியது. அங்கே எண் தரப்படவில்லை என்று அர்த்தம். அடுத்தது தண்ணீர். 4 என்றால் எந்தத் திசையிலிருந்து தெறித்தாலும் தாங்கும். 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் அமிழ்ந்திருந்தாலும் தாங்கும். ஆனால் இந்தச் சோதனை நல்ல தண்ணீரில், புத்தம் புதிய பொருளில் நடப்பது. வியர்வையில் உப்பு இருக்கிறது, சோப்பு நீர் அடைப்பான்களின் மேல் வேறு விதமாக நடந்துகொள்ளும், பயன்படுத்தப் பயன்படுத்த அடைப்பான்களும் தளரும். குழாயிலிருந்து வேகமாக விழும் நீர் வேறு, அசையாத நீரில் அமிழ்ந்திருப்பது வேறு. எல்லாவற்றையும்விட முக்கியமானது: அந்த எண் பெரும்பாலும் இயர்பட்டுக்குத்தான், பெட்டிக்கு அல்ல.

ஈர இயர்பட்டைப் பெட்டியில் வைத்து மூடியதும் தொடுமுனைகளில் மின்சாரம் பாய ஆரம்பிக்கும். உப்பு நீர், உலோகம், மின்சாரம் மூன்றும் சேர்ந்தால் தங்கப் பூச்சு அரிக்கப்படும். நல்ல ஜோடிகள் பல இப்படித்தான் போகின்றன. அதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வேதனையாக இருக்கிறது, ஏனென்றால் இது முழுக்கத் தவிர்க்கக்கூடியது. ஓடி முடித்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைத் துடையுங்கள், உலர்ந்த துணியால் ஒற்றுங்கள், சிலிக்கான் முனையைக் கழற்றி வெளியே காற்றாட வையுங்கள். குளித்து, சாப்பிட்டு வந்த பிறகு பெட்டியில் வைத்தால் போதும். முனைகளை மட்டும் தனியே வெதுவெதுப்பான நீரில் அலசலாம். கையேடு தடுக்காவிட்டால் ஒரு துளி மென்சோப்பும் சேர்க்கலாம். அமுக்கினால் மெல்ல விரியும் நுரை (மெமரி ஃபோம்) முனை என்றால் நனைக்காதீர்கள். ஈரத் துணியால் துடைப்பதோடு சரி. அது தேய்ந்து தீரும் பொருள். அமுக்கினால் மெல்ல விரியாமல் சட்டென்று துள்ளினாலோ, அமுங்கியபடியே நின்றாலோ புதியது போட வேண்டியதுதான்.

அரிசி ஈரத்தை இழுக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இயர்பட்டின் உள்ளேயிருக்கும் ஈரத்தை வெளியே வரவழைக்கும் அளவுக்கு அதற்கு வலு கிடையாது; மாவுத்தூளைத்தான் துளைகளில் சேர்க்கும். காது கேட்கும் கருவி வைத்திருப்பவர்களுக்கு நாங்கள் தருவது இறுக மூடும் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும். புதுக் காலணிப் பெட்டியில் வரும் அந்தச் சிறு பொட்டலங்களைச் சேர்த்து வையுங்கள். டப்பாவில் அவற்றோடு இயர்பட்டை ஓர் இரவு வைத்தால் ஈரம் போய்விடும். ஹேர் டிரையர் சூடு, வெயில், இரண்டும் வேண்டாம். உள்ளே இருப்பது லித்தியம் அயன் பேட்டரி. சூடுதான் அதற்கு முதல் எதிரி.

ஒலிக்கோவை

சகோதரியின் ஹெட்போன் மெத்தைக் கேள்வி அப்படியே நிற்கிறது. நான் ஒலிப்பதிவுக் கூடத்தில் தொகுப்பு வேலை செய்கிறேன், ஹெட்போனோடுதான் பிழைப்பு. அதனால் இந்தப் பகுதியை நான் எழுதுகிறேன்.

உரிவதை எதைப் பூசியும் நிறுத்த முடியாது. அது தோலைப்போல் தோன்றும் பாலியுரிதேன் பூச்சு. காற்றின் ஈரமும் வியர்வையும் சூடும் சேர்ந்து அதன் வேதிப்பிணைப்புகளையே அறுத்துவிடுகின்றன. நீராற்பகுப்பு என்பார்கள். பயன்படுத்தாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் சில ஆண்டுகளில் தானாக உதிரும். உரிய ஆரம்பித்த பிறகு தோல் எண்ணெய், மெழுகு என்று பூசினால் செதில்கள் இன்னும் ஒட்டும், அவ்வளவே. ஆகவே புது மெத்தைதான் வழி. பழையதைக் காப்பாற்ற முயன்று நேரத்தைச் செலவிடாதீர்கள். பெரும்பாலான மாதிரிகளில் மெத்தையின் பின் விளிம்பு ஒரு பள்ளத்தில் செருகியிருக்கும், அல்லது சொடுக்கி மாட்டும் வளையம் இருக்கும். இழுக்கும் முன் உங்கள் மாதிரி எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். கழற்றிய பிறகு உள்ளே இருக்கும் மெல்லிய நுரைத் தட்டையோ துணியையோ எடுத்துவிடாதீர்கள். செதில்கள் ஒலிச்சவ்வின் பக்கம் போகாமல் காப்பது அதுதான். விளிம்பில் ஒட்டியிருக்கும் செதில்களைத் துடைக்காமல், ஒட்டும் டேப்பால் ஒற்றி ஒற்றி எடுங்கள். துடைத்தால் உள்ளே சிதறும்.

மெத்தை அழகுக்கான பொருள் என்று சிலர் அலட்சியமாக இருக்கிறார்கள், எனக்கு அதில் சற்றும் உடன்பாடில்லை. காதைச் சுற்றிக் காற்றுப் புகாமல் அடைப்பது மெத்தைதான். அது கசிந்தால் முதலில் போவது பேஸ் என்னும் தாழ்ந்த ஒலி. இரைச்சல் அடக்கும் வசதியும் பாதியாகிவிடும். தடிமனோ துளையின் வடிவமோ மாறினால் ஒலியின் நிறமே மாறும் என்பதால், உங்கள் மாதிரிக்கென்றே செய்ததை வாங்குங்கள். ஜெர்மனியின் சென்ஹைசர் 1988-இல் கொண்டுவந்த எச்.டி.25 இன்றும் ஒலிப்பதிவுக் கூடங்களில் புழங்குகிறது. மெத்தை, கேபிள், ஒலிபெருக்கி என எல்லாப் பாகத்தையும் தனித்தனியாகக் கழற்றி மாற்றலாம் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

புதியதற்கு ஆல்கஹால் காட்டாதீர்கள். பூச்சு வறண்டு வெடிக்கும். வேலை முடிந்ததும் ஈரத் துணி, உடனே உலர் துணி. கழற்றியவுடன் பைக்குள் திணிக்காமல் காற்றாடத் தொங்கவிடுங்கள். தொங்கவிடும் கொக்கி அகலமாக இருக்கட்டும். மெல்லிய ஆணியில் மாட்டினால் தலைப்பட்டையின் நுரையில் தடம் விழுந்துவிடும். கேபிள் உள்ள ஹெட்போன் என்றால், கேபிளைத் தலைப்பட்டையில் இறுகச் சுற்றுவதை நிறுத்துங்கள். செருகும் பிளக்கோடு சேரும் கழுத்தில்தான் உள்கம்பி அறும். பிடுங்கும்போதும் கம்பியை அல்ல, பிளக்கையே பிடித்து இழுக்க வேண்டும்.

படியெடுப்பவள்

இருவருக்கும் என் நன்றி. மெத்தைக்குச் சொல்லி வைத்துவிட்டேன். பெட்டிக் குழியில் நூல்தூசி இருந்தது உண்மைதான். எடுத்ததும் இடப்பக்கம் சார்ஜ் ஏறுகிறது. விசிலுக்கு ஒரு அளவு பெரிய முனை போட்டுப் பார்க்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி மீதம். வலக் காதில் கொஞ்ச நாளாக அரிப்பு இருக்கிறது. பஞ்சுக்குச்சியால் காதையும் சுத்தம் செய்துவிட்டால் வலை அடைப்பதே குறையும் அல்லவா?

செவிப்பறை

காதுக்குள் பஞ்சுக்குச்சி வேண்டாம், சகோதரி. குறும்பி ஊறுவது காதுக் குழாயின் வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கில்தான். குழாயின் தோல் மெல்ல மெல்ல வெளிநோக்கி நகர்ந்து அதைத் தானே கொண்டுவந்து தள்ளும். தாடை அசைவும் துணை செய்யும். பஞ்சுக்குச்சி அதை எதிர்த்திசையில் உள்ளே நெட்டுகிறது. இயர்பட்டும் வாசலை அடைத்துக்கொண்டு அந்த நடமாட்டத்தைத் தடுக்கிறது, உள்ளே வெப்பத்தையும் ஈரத்தையும் பூட்டி வைக்கிறது. உங்களைப்போல் மணிக்கணக்கில் போடுகிறவர்களுக்கு அரிப்பு வருவது இதனால்தான். இடையிடையே கழற்றிக் காதுக்குக் காற்றுக் கொடுங்கள். முற்பகல் வேலையிலும் பாதிக்குப் பெரிய ஹெட்போனைப் பயன்படுத்துங்கள். உங்கள் இயர்பட்டை வேறு யாருக்கும் தராதீர்கள், பிறருடையதையும் வாங்கிப் போடாதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வலம் மங்கியிருந்த வாரங்களில் அதை ஈடுகட்ட ஒலியளவை ஏற்றியிருப்பீர்கள். அந்தச் சுமை முழுவதும் நன்றாக இருந்த இடக் காதின் தலையில்தான் விழுந்திருக்கும். இப்போது வலை திறந்துவிட்டது, அளவைக் குறைத்துவிடுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும். உங்கள் தொழிலில் 40 மணி நேரம் என்பது சாதாரணம் என்பதால் சொல்கிறேன்.

அரிப்போடு வலியோ, நீர் வடிதலோ, காது அடைத்த உணர்வோ சேர்ந்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை அந்தக் காதில் இயர்பட் போட வேண்டாம். குணமான பிறகு, நோய் இருந்த நாட்களில் போட்ட சிலிக்கான் முனைகளைக் கழுவி மாட்டாதீர்கள். எறிந்துவிட்டுப் புது ஜோடி போட்டுக்கொள்ளுங்கள்.